எங்கள் ஊர்க் கோவிலை எழுப்பிய ஏழு வீட்டார் யார்? பெயர்களை எங்கே தேடுவது?

தேரிமணல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். முதலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேரிக்காட்டு வழியாக ஒரு மணி நேரம் நடந்தால் வரும் சின்ன ஊர். இன்று அறுபது வீடுகூட இல்லை. ஆனால் எங்கள் கிறிஸ்தவக் கோவில் இருக்கிறது, ஞாயிறுதோறும் மணி அடிக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) நடக்கிறது.

அடுத்த பிரதிஷ்டை பண்டிகைக்கு ஒரு மலர் போடலாம் என்று சபையார் முடிவு செய்து, சபை வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு குறைவாக எனக்குத் தெரியும் என்று புரிந்தது. கோவில் வாசல் கல்லில் ஒரு வெள்ளைக்கார ஐயரின் (போதகரின்) பெயர் இருக்கிறது. உள்ளே சுவரில் இன்னொரு ஐயரின் பெயர் பளிங்கில் இருக்கிறது. அவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஐயர் எங்கள் ஊரில் எத்தனை ராத்திரி தங்கியிருப்பார்? மாசத்துக்கு ஒரு தடவை குதிரையில் வந்து போயிருப்பார். பனை ஓலைக் கூரை போட்டு, வருஷா வருஷம் அதைப் பிரித்து மேய்ந்து, மழைக்கு ஒழுகினால் உள்ளே பாயை நகர்த்தி உட்கார்ந்து ஜெபம் பண்ணினவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பெயர் ஒரு கல்லிலும் இல்லை.

என் ஆச்சி சொல்லுவாள், “இந்தக் கோவிலை ஏழு வீட்டார் கட்டினது” என்று. அசனத்துக்கு முதல் படி அரிசி அந்த ஏழு வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒரு முறை இருந்ததாம். என் சின்ன வயதில் அந்த முறையைப் பார்த்த நினைவு இல்லை. ஆச்சி வீட்டுப் பெயர்களாகச் சொன்னதில் நாலுதான் நினைவில் நிற்கிறது: கிணத்தடி வீடு, வடக்குவிளை வீடு, உபதேசியார் வீடு, கல்லுத்திண்ணை வீடு. மீதி மூன்றும் போய்விட்டன. அந்த நாலில் இரண்டு வீட்டின் வாரிசுகள் யார் என்பதும் தெளிவாக இல்லை. ஆச்சி உயிரோடு இருந்தபோது ஒரு தாளில் குறித்து வைத்திருக்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரலாறு நடத்தினேன், இதைக் கேட்டு எழுதவில்லை. அது எனக்கு வலிக்கிறது.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரிச் சின்னச் சபைகளின் முதல் குடும்பங்களைப் பற்றி எங்கே தேட வேண்டும்? ஞானஸ்நானப் பதிவேடு சேகரத்தில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) இருக்கிறது என்கிறார்கள். அதைப் பார்த்தால் போதுமா? ஏற்கெனவே தங்கள் ஊருக்கு இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

பழைய பேரேடு எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் முப்பது வருஷம் சேகர அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊர் பழைய காலத்தில் எஸ்.பி.ஜி. மிஷனா, சி.எம்.எஸ். மிஷனா என்று பாருங்கள். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் சங்கங்கள். இன்றைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டதால் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. தேடுகிறவருக்கு இது முக்கியம். முதலூர், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எல்லாம் எஸ்.பி.ஜி. மெஞ்ஞானபுரம், டோனாவூர், பண்ணைவிளை, சுவிசேஷபுரம் எல்லாம் சி.எம்.எஸ். பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் மிஷன் வேறு, கணக்கு வேறு, கடிதம் போன இடமும் வேறு. எஸ்.பி.ஜி. ஐயர்மார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கின்றன. சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நீங்கள் முதலூரை அடுத்து என்று சொல்வதால் எஸ்.பி.ஜி.யாகத்தான் இருக்கும்.

ஆனால் அங்கே போய்த் தேடினாலும் பெரும்பாலும் எண்ணிக்கைதான் கிடைக்கும். இன்ன ஊரில் இத்தனை குடும்பம், இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இத்தனை பேர் அதற்கு ஆயத்த நிலையில் என்று அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். உபதேசியார் (ஊரில் ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுத்த சபை ஊழியர்) பெயர் வரும். பனையேறின மனுஷன் பெயர் அரிதாகத்தான் வரும். அதனால் நம்முடைய பதிவேடுதான் உங்களுக்கு உயிர். திருநெல்வேலி திருச்சபையின் ஆரம்பமே ஒரு பெயர்ப் பட்டியல்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 1780இல் பாளையங்கோட்டையில் எழுதின சபைப் பட்டியலில் 40 பேர். அதில் முதன்மையானவர் கிளாரிந்தா அம்மாள், 1778இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. அவர் கட்டி 1785இல் பிரதிஷ்டையான கோவிலைத்தான் இன்றும் பாப்பாத்தியம்மா கோவில் என்கிறோம். அந்தப் பட்டியல் தப்பிப் பிழைத்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. 1881இல் கால்டுவெல் அத்தியட்சர் (பிஷப்) திருநெல்வேலி மிஷனின் ஆரம்ப வரலாற்றை எழுதியபோது அவர் கையில் இருந்ததும் இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

இனிப் பதிவேட்டை வாசிக்கிற விதம். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘பொன்னம்மாள்’ என்பது ‘பொனனமமாள’ என்று இருக்கும். குறில் நெடில் எகர ஒகரத்துக்கு வித்தியாசம் இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும். முதல் நாள் உங்களுக்கு ஒன்றும் ஓடாது. பயப்படாதீர்கள், ஒரே உபதேசியார் கை பத்துப் பக்கம் போனால் பழகிவிடும். வருஷத்தைத் தமிழ் இலக்கத்தில் போட்டிருந்தால் ௰, ௱ எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ‘௸’ என்று ஒரு குறி வரும். அதுதான் மேற்படி. ஊர், தகப்பன் பெயர், தொழில் எல்லாவற்றுக்கும் மேற்படி, மேற்படி என்று அந்தக் குறியையே போட்டுக்கொண்டு போவார்கள். எந்த வரியிலிருந்து மேற்படி ஆரம்பித்தது என்று பின்னால் புரட்டிப் பார்க்காமல் யாரையும் யாருக்கும் மகனாக்கிவிடாதீர்கள்.

அப்புறம், பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பதிவில் பழைய பெயர், ஞானப்பெயர் இரண்டும் இருக்கும். சுடலைமுத்து ஒரே நாளில் ஞானமுத்து ஆகியிருப்பார். பத்து வருஷம் கழித்து அவர் மகன் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் ஞானமுத்து என்று மட்டும்தான் வரும். ஆகவே மூன்று ஏட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அடக்கப் பதிவில் வயது போட்டிருந்தால் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஆளை உறுதிப்படுத்தலாம்.

பழைய மை காகிதத்தைத் தின்றுவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தை ஓரத்தில் பிடித்துத் திருப்புங்கள். விரலில் எச்சில் தொடாதீர்கள். கையில் போன் இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஐயரவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

---

மயிலாடிக்காரி எழுதியது:

தேரிமணல் அக்கா, நான் மயிலாடி. எங்கள் ஊர்க் கதை உங்களுக்கு ஒரு தெம்பு கொடுக்கும் என்று எழுதுகிறேன்.

தென்திருவிதாங்கூர் (இன்றைய கன்னியாகுமரிப் பக்கம்) சபை யாரால் வந்தது என்று கேட்டால் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் என்று பாடப் புத்தகம் மாதிரிச் சொல்வார்கள். அவர் 1806இல் வந்தார், உண்மை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே மயிலாடியில் சபை இருந்தது. எங்கள் ஊர் மகாராசன் கோவில் யாத்திரை போன இடத்தில், தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற ஞானப்பெயரோடு திரும்பி வந்தார். சொந்தக்காரர்களைக் கூட்டி வீட்டிலேயே ஜெபம் நடத்தினார். “எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள்” என்று கேட்டவரும் அவரே. சாம்பவர் குலத்தில் பிறந்த மனுஷன், மேல்சாதிக்காரர்களின் அடி உதையை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவர். 1809இல் மயிலாடிக் கோவில் பிரதிஷ்டை ஆயிற்று. 1816இல் ஐயர் உடம்புக்கு முடியாமல் ஊரை விட்டுக் கிளம்பியபோது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். கப்பலேறின ஐயரைப் பற்றி அதற்கப்புறம் யாருக்கும் ஒரு தகவலும் இல்லை. அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து நாகர்கோவிலில் வேலையைத் தொடங்குகிற வரைக்கும் சபை கலையாமல் நின்றது. யார் நிறுத்தினார்கள்? நம்ம ஆட்கள்தான்.

உங்கள் முதலூரும் அப்படித்தானே அக்கா? காலங்குடிச் சுந்தரானந்தம் தஞ்சாவூர் போய் தாவீது ஆகி வந்து, சொந்தக்காரரிடம் சொல்லி, ஊருக்குள் எதிர்ப்புத் தாங்காமல் 1799இல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறின இடம்தானே அது. 28 பேர் போனார்கள் என்று படித்திருக்கிறேன். பணம் கொடுத்து உதவியது கேப்டன் எவரெட் என்கிற வெள்ளைக்காரர். ஆனால் வீட்டைப் பிரித்துச் சாமானைத் தலையில் சுமந்து நடந்தது அந்த 28 பேர்.

இன்னொன்று. பெண்களை விட்டுவிடாதீர்கள். பதிவேட்டில் ‘இன்னாருடைய பெண்சாதி’ என்றுதான் வருவார்கள். ஆனால் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி மால்ட் அம்மாள் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல் எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைத்தது! அவருடைய மகள் எலைசா கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடி போனபோது அந்தப் பின்னலையும் பெண்பிள்ளைகள் பள்ளியையும் கூடவே கொண்டுபோனார். கைப்பிடி அரிசி எடுத்து வைத்ததும் நம் வீட்டுப் பெண்கள்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியாகக் கலயத்தில் போடுவார்கள். உங்கள் கோவில் கணக்கு நோட்டு கிடைத்தால் அதில் கைப்பிடி அரிசி வரவைப் பாருங்கள். வீட்டுவாரியாக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

---

பஞ்சத்தில் வந்தவன் எழுதியது:

டீச்சர், என் எழுத்தில் கோபம் தெரிந்தால் மன்னியுங்கள். உங்கள் மேல் இல்லை.

எங்கள் குடும்பம் 1877 பஞ்சத்தில் சபைக்கு வந்தது. அந்த வருஷம் திருநெல்வேலிச் சீமை முழுக்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. எங்கள் கோவிலிலும் ‘ஆதிக் குடும்பம்’ என்று ஆறு வீட்டார் உண்டு. என் தகப்பனார் காலம் வரைக்கும் கோவிலில் முன்வரிசைப் பாய் அவர்களுக்கு. கமிட்டித் தேர்தல் வந்தால் அவர்கள் வீட்டு ஆள். சண்டை வந்தால் “கஞ்சிக்கு வந்தவங்கதானே நீங்க” என்று ஒரு வார்த்தை. என் அப்பா நாற்பது வருஷம் அந்தக் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார், கூலி வாங்கவில்லை. அவர் காது கேட்க அந்த வார்த்தையைச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு பதினோரு வயது.

பசியில் வந்தால் என்ன? ஐந்து தலைமுறையாகப் போகாமல் இருக்கிறோமே. நீங்கள் ஏழு வீட்டார் பெயரைக் கண்டுபிடித்து மலரில் போட்டால், அடுத்த அசனத்தில் முதல் படி எங்கள் அரிசி என்று ஏழு பேர் எழுந்து நிற்பார்கள். அந்த முறை ஏன் நின்றுபோயிற்று என்று விசாரித்தீர்களா? யாராவது யோசித்துத்தான் நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

தேடாதீர்கள் என்று சொல்லவில்லை. தேடிக் கிடைத்ததை எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு பண்ணுங்கள்.

---

பழைய பேரேடு எழுதியது:

தம்பி சொன்னது நியாயம். நானும் அந்த வார்த்தையைப் பல கமிட்டிகளில் கேட்டிருக்கிறேன்.

டீச்சர், ஒரு யோசனை. முதல் ஏடு முடிகிற வரைக்கும் வருகிற எல்லாப் பெயரையும் வருஷ வரிசையில் போடுங்கள். பஞ்ச வருஷத்துப் பக்கங்களையும் விடாமல் போடுங்கள். அந்தப் பக்கங்களில் ஒரே நாளில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள், உபதேசியார் கை அவசரத்தில் ஓடியிருக்கும். வாசிக்கச் சிரமம் என்று அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு இடமும் உண்டு. கோவில் மனைக்குப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு அலுவலகங்கள் வந்தது 1860களில். அதற்கு முந்தின தானம் என்றால் ஓலையிலோ வாய்ச்சொல்லிலோ போயிருக்கும். அதற்குப் பிந்தியது என்றால் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். ‘இன்னார் விளைக்குத் தெற்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு’ என்று. உங்கள் கிணத்தடி வீடும் வடக்குவிளை வீடும் அங்கே ஆள் பெயரோடு வரலாம்.

---

தேரிமணல் எழுதியது:

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. சேகர குரு நல்ல மனுஷர். பதிவேட்டைத் தானே பீரோவிலிருந்து எடுத்து வந்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். நான்கு நாள் போனேன். முதல் நாள் பேரேடு ஐயா சொன்ன மாதிரியே ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ‘பனைத்தொழில்’ என்ற ஒரு சொல் கண்ணில் பட்டது. அதைச் சாவியாக வைத்துக்கொண்டு மற்ற எழுத்துகளைப் பிடித்தேன். அந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது தெரியுமா? பக்கம் பக்கமாக அதற்குக் கீழே ௸, ௸, ௸ என்று இறங்கிக்கொண்டே போகிறது. எங்கள் ஊரே அந்த ஒரு குறிக்குள் இருக்கிறது.

கிணத்தடி வீடு, வடக்குவிளை வீடு இரண்டும் பத்திரத்தின் எல்லையில் ஆள் பெயரோடு கிடைத்தன. பெரிய உதவி. உபதேசியார் வீடு எளிது, அவர் கையெழுத்துதான் முதல் இருபது பக்கமும். கல்லுத்திண்ணை வீட்டார் யார் என்பது இன்னும் சந்தேகம்.

மற்ற மூன்றில் ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பதிவேட்டோடு ஒரு கணக்கு நோட்டும் கட்டியிருந்தது. கோவில் கூரை மேய்ந்த செலவு. யார் யார் எத்தனை ஓலை கொடுத்தார்கள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘விதவை மரியாள், ஓலை ௩௱’ என்று இருக்கிறது. முந்நூறு ஓலை! மற்றவர்கள் நூறும் நூற்றைம்பதும்தான் கொடுத்திருக்கிறார்கள். புருஷன் இல்லாத பெண் முந்நூறு ஓலைக்கு எங்கே போனாள்? மரத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொந்த மரம் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமாவது கேட்டு வாங்கிச் சுமந்திருக்க வேண்டும். ஞானஸ்நான ஏட்டில் போய்த் தேடினேன். இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் ஞானஸ்நானம். புருஷன் பெயர் எழுதவில்லை. மூத்தவன் கல்யாணப் பதிவில் இல்லை, அடக்கப் பதிவிலும் இல்லை. இளையவள் பெயருக்கு நேரே ‘கண்டிச் சீமை’ என்று பின்னால் யாரோ வேறு மையில் எழுதியிருக்கிறார்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் ஏராளம். நம் உபதேசிமாரும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். அந்த வீடு ஊரில் இல்லாமல் போனதால்தான் ஆச்சி சொன்ன அதன் பெயரும் எனக்கு நினைவில் நிற்கவில்லை போல.

பஞ்சத்தில் வந்தவரே, உங்கள் எழுத்தை எங்கள் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன், உங்கள் அனுமதி கேட்காமல். மன்னியுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்கள் ஊரிலேயே வயதில் மூத்தவர் சொன்னார், முதல் படி அரிசி முறையை நிறுத்தியது அவருடைய தாத்தா என்று. ஒரு அசனத்தில் ஏழு வீட்டில் ஒரு வீட்டாரிடம் அரிசி இல்லையாம். கடன் வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது தெரிந்த அன்றைக்கே, இனி எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழட்டும் என்று நிறுத்திவிட்டார். மலரில் ‘ஆதிக் குடும்பங்கள்’ என்ற தலைப்பு வராது. முதல் ஏட்டில் உள்ள எல்லாப் பெயரும் வருஷ வரிசையில், பழைய பெயரும் ஞானப்பெயரும் சேர்த்து வரும். பஞ்ச வருஷத்துப் பக்கங்களும் வரும். அவை மட்டும் நூற்றுக்கு மேலே பெயர். எழுதி முடிக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்.

பேரேடு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மரியாளின் பழைய பெயர் இருந்த இடத்தில் மை தின்று ஓட்டையாக இருக்கிறது. முதல் எழுத்து ‘இ’ என்று நன்றாகத் தெரிகிறது. கடைசியில் ஒரு ‘ள’ இருக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் எத்தனை எழுத்து என்று புரியவில்லை. இசக்கியம்மாளாக இருக்கலாம் என்று கை துடிக்கிறது, ஆனால் ஊகித்து எழுத மனசு வரவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடித்துப் பார்த்தால் தெரியும் என்று குரு சொல்கிறார், தாள் தாங்குமா என்று எனக்குப் பயம். வருகிற வியாழன் மத்தியானம் சேகர அலுவலகத்துக்கு வர முடியுமா ஐயா? முதலூர் பஸ் ஸ்டாப்பில் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.